பெட் படத்தில் ஒளிர்வதெல்லாம் புரதம் அல்ல

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் மூளையின் வண்ண பெட் படத்தை முதலில் கருப்பு வெள்ளைக்கு மாற்றச் சொல்வேன். சிவப்பும் மஞ்சளும் கண்ணை அவசரப்படுத்தும்.

உடலில் செலுத்தும் கதிரியக்கப் பொருளான டிரேசர் எங்கே சேர்கிறது என்பதைத்தான் பெட் ஸ்கேன் காட்டும். அந்த டிரேசரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேள்வியைத் தெளிவாக்குங்கள். நடுவயதில் வந்திருப்பது அல்சைமரா, நெற்றி மடலும் பொட்டு மடலும் சிதையும் டிமென்ஷியாவா என்பது கேள்வியானால், அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும் பெட் நன்கு உதவும். அல்சைமரா, ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் படியும் லூயி பாடி டிமென்ஷியாவா என்றால் அது போதாது. லூயி பாடி நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அமிலாய்டும் படிந்திருக்கும். நினைவாற்றல் குன்றாத முதியவர் பலரிடமும் அது உண்டு.

2004இல் மனிதர்களிடம் பயன்படுத்திய முடிவுகள் வெளியான பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி அருமையான அமிலாய்டு டிரேசர். ஆனால் அதிலுள்ள கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். இத்தகைய கதிரியக்க அணுக்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் வளாகத்திலேயே இல்லையென்றால் ஃபுளோரின்-18 டிரேசர்களுக்குப் போங்கள். அரை ஆயுள் 110 நிமிடம் கிடைக்கும்.

படம் வந்ததும் எம்.ஆர்.ஐ.யோடு பொருத்தி, பெருமூளைப் புறணியில் டிரேசர் சேர்ந்த அளவைச் சிறுமூளையில் சேர்ந்த அளவால் வகுக்க வேண்டும். வெவ்வேறு அமிலாய்டு டிரேசர்களை ஒப்பிட சென்டிலாய்டு அளவுகோல் இருக்கிறது: இளம் ஆரோக்கியர்களின் சராசரி 0, வழக்கமான அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100.

அல்சைமரில் நரம்புச் செல்களுக்குள் திரளும் இன்னொரு புரதம் டாவ். அதன் படம்தான் ஆளைக் கவிழ்க்கும். அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற ஃபுளோர்டாசிபிர் என்ற டிரேசர், அல்சைமரின் டாவ் இழைகளை நன்றாகப் பிடிக்கும். அதோடு, நடுமூளையின் கரிய நிறமியையும் பிடிக்கும். நோயே இல்லாதவர்களிடமும் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் காங்க்லியாவில் ஒளிரும். அதனால் கண்களை மேலும் கீழும் அசைப்பது குன்றி, அடிக்கடி விழும் பி.எஸ்.பி. (டாவ் படியும் இன்னொரு மூளை நோய்) நோயாளியின் படத்தில் அங்கே ஒளி கண்டதும் குதிக்காதீர்கள். அவர்களின் டாவ் வேறு வகை. அதை இந்த டிரேசர் சரியாகப் பிடிப்பதில்லை. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸை ஒட்டிய கோராய்டு பின்னலின் (மூளை நீரைச் சுரக்கும் பகுதி) ஒளியும் பக்கத்தில் கசியும். எனவே ஹிப்போகாம்பஸின் எண்ணை மட்டும் வைத்து எழுதப்பட்ட அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பொட்டு மடலின் கீழ்ப்புறணியைப் பாருங்கள். அறிகுறிகளோடு டாவின் பரவல் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அமிலாய்டு அப்படி ஒத்துப்போவது குறைவு. சொற்களின் பொருள் மறந்துபோகும் சொற்பொருள் டிமென்ஷியாவில் பெரும்பாலும் படிவது டாவ் அல்ல, டி.டி.பி.-43 என்ற வேறு புரதம். ஆனாலும் பொட்டு மடலில் இதே டிரேசர் ஒளிர்வது உண்டு!

டி.டி.பி.-43க்கும் ஆல்ஃபா சினூக்ளினுக்கும் வழக்கமான பயன்பாட்டுக்கு வந்த டிரேசர் இன்னும் இல்லை. லூயி பாடி என்று சந்தேகித்தால் டோபமைன் நரம்பு முனைகளின் நிலையைக் காட்டும் டோபமைன் கடத்தி ஸ்கேனையும் குளுக்கோஸ் பெட்டையும் சேர்த்துப் பாருங்கள். பிடரி மடலில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தால் அறிக்கையில் அதை மட்டும் எழுதுங்கள்; சினூக்ளின் படிவைக் கண்டதாக எழுதாதீர்கள்.