கேஸ் போடுவதற்கு முன்: குளிராத ஏசியையும் ஃபிரிட்ஜையும் நாமே சோதிக்கும் முறை

ஏப்ரல் பிறந்துவிட்டால் சேலத்தில் ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பது கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கடினம். அப்படி வருகிறவரும் ரிமோட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "கேஸ் இல்லீங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேஸ் என்கிற குளிர்விக்கும் வாயு பெட்ரோலைப் போல ஓடஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று; செம்புக் குழாய்க்குள் மூடிய சுற்றில் ஓடும் அது குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், போட்ட பணம் அடுத்த கோடைக்குள் காற்றோடு போய்விடும். ஆகவே மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு வெப்பமானி, ஒரு டார்ச், மென்மையான பெயின்ட் பிரஷ், ஒரு துண்டுக் காகிதம் ஆகியவை போதும்.

படி 1: அளந்து பாருங்கள்

ஏசியை 18 டிகிரியில் வைத்து, கதவு சன்னல்களை அடைத்து, இருபது நிமிடம் ஓட விடுங்கள். உள் யூனிட்டின் மேற்புறம் காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே குளிர்காற்று வெளிவரும் இடத்திலும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் பெரிய பழுது இல்லை. மேற்குப் பார்த்த சுவரும் மேலே காயும் மொட்டை மாடியும் கொட்டுகிற வெப்பத்தை அது சமாளிக்க முடியாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன என்பதை அறியாமல், புது ஏசி குளிரவில்லை என்று புகார் சொல்கிறவர்களும் உண்டு.

ஃபிரிட்ஜுக்கு, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் வெப்பமானியை இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரி காட்ட வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18 அளவில் இருந்தால் சரி.

படி 2: தூசியைத் தேடுங்கள்

சேலத்தைப் பொறுத்தவரை பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும். அம்மாபேட்டையில் கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓட, மாடியில் குடியிருக்கும் உறவினர் ஒருவர், ஏசிக்குக் கேஸ் நிரப்ப வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பணத்தோடு காத்திருந்தார். காற்றின் வித்தியாசம் 4 டிகிரிதான் இருந்தது. வெளி யூனிட்டின் பின்புறத்தை எட்டிப் பார்த்தேன். தறிக்கூடத்துச் சன்னலிலிருந்து பறந்து வந்த பஞ்சுத் தூசி, 'காயில்' எனப்படும் குழாய்ச் சுருள் முழுவதும் கம்பளி போர்த்தியது போல் அப்பிக் கிடந்தது. ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் துண்டு போல அப்படியே உரிந்து வந்தது. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய காயில் மூச்சடைத்துக் கிடந்தால், உள்ளே குளிர்ச்சி எங்கிருந்து வரும்? கழுவிய பின் வித்தியாசம் 10 டிகிரியைத் தொட்டது. வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிய பகுதிகளில் பஞ்சுக்குப் பதிலாக வெண்தூசி இதே வேலையைச் செய்கிறது.

கழுவுவதற்கு முன் எம்சிபியை (ஏசிக்கு மின்சாரம் தரும் பாதுகாப்பு சுவிட்சை) அணைத்துவிடுங்கள். காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளின் போக்கிலேயே, மேலிருந்து கீழாகப் பிரஷை இழுத்துத் தூசியை எடுத்துவிட்டு, மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பைக் கழுவும் அழுத்தக் குழாயைப் பயன்படுத்தினால் தகடுகள் மடிந்து காற்றுப் பாதை நிரந்தரமாக அடைபடும். மின் இணைப்புகள் உள்ள பக்கத்தில் தண்ணீர் படக்கூடாது. உயரத்தில் மாட்டிய யூனிட்டாக இருந்தால் இந்த வேலையை ஆளிடம் விட்டுவிடுங்கள். உள் யூனிட்டின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசி நிழலில் காய வைப்பது போதுமானது.

படி 3: பனி எங்கே படிந்திருக்கிறது?

உள் யூனிட்டின் காயிலில் பனி கட்டியிருந்தால், குளிரூட்டலை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டி முழுவதும் உருக விடுங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்த பிறகும் மீண்டும் பனி கட்டினால், வெளி யூனிட்டில் குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். தடித்த குழாய் வியர்ப்பது இயல்பு. மெல்லிய குழாயில் பனி படிவதும், நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிவதும் கேஸ் கசிவதற்கான அடையாளங்கள்.

படி 4: ஃபிரிட்ஜுக்கு உரியவை

கதவு விளிம்பில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. மே மாதத்தில் குண்டு மாம்பழங்களை அடுக்கி வைக்கிறவர்கள், உட்புறச் சுவரில் காற்று வரும் துளைகளை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே குளிர்ந்து கீழே குளிரவில்லை என்றால், பின்பலகைக்குப் பின்னால் பனி மண்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து ஒருநாள் விட்டுவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து மறுபடியும் அதே நிலை வந்தால், பனி உருக்கும் ஹீட்டரோ அதை இயக்கும் பாகமோ பழுதாகியிருக்கிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ஒரு துளை விழுந்தாலே கேஸ் முழுவதும் போய்விடும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போனால் கதை தலைகீழாகிவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில், ஃபிரிட்ஜ் நன்றாக இருக்க, ஃப்ரீசரில் வைத்த ஐஸ்கிரீம் மட்டும் இளகிப்போகும். பல ஃபிரிட்ஜ்களில் வெப்பத்தை உணரும் ஒரே தெர்மோஸ்டாட் கீழ் அறையில்தான் இருக்கிறது. அறைக் காற்றே குளிர்ந்திருப்பதால் கீழ் அறை சூடாவதில்லை. கம்ப்ரசர் ஓட வேண்டிய தேவை எழுவதில்லை. ஃப்ரீசர் கவனிப்பாரற்று இளகுகிறது. வெப்ப நாடுகளுக்கான 'டி' வகை ஃபிரிட்ஜ் 16 முதல் 43 டிகிரி வரையிலான சூழலுக்கென வகுக்கப்பட்டது என்பதால் இதைப் பழுதாகக் கருத வேண்டியதில்லை. குளிர்காலம் என்று குறித்த புள்ளிக்குக் குமிழைத் திருப்புவது இங்கே தவறாக முடியும். ஒன்றிரண்டு புள்ளி கூட்டி வையுங்கள், வராந்தாவில் இருக்கும் ஃபிரிட்ஜைச் சமையலறைக்கு மாற்றுங்கள்.

படி 5: மின்சாரம்

கம்ப்ரசர் சிறிது நேரம் உறுமிவிட்டு 'டிக்' என்று நின்றுபோனால், மாலை நேரத்தில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதை ஸ்டெபிலைசரில் பாருங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் இப்படி நின்றால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் பாகத்தை, அதாவது ஏசியில் கெப்பாசிட்டரையும் ஃபிரிட்ஜில் ரிலேயையும் சந்தேகிக்கலாம். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் அதைத் தொடாதீர்கள். அணைத்தவுடன் மீண்டும் போடாமல் மூன்று நிமிடமாவது பொறுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கசிவுதான் என்று உறுதியானால், மெக்கானிக்கிடம் மூன்று வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்: நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டு அடைப்பது, வாக்குவம் இழுப்பது (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), எடை போட்டுக் கேஸ் நிரப்புவது. புதிய ஃபிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ என்ற கேஸ் தீப்பற்றக்கூடியது. சன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அதன் அளவும் சில பத்து கிராம்களே என்பதால், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு எடை பார்க்கும் கவனத்தோடு, பின்புறத் தகட்டில் உள்ள கிராமையும் தராசு காட்டுவதையும் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.