ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற ஓர் ஆசிரியரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, அங்கே பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் கப்பல் பயணத்தையும் பிற்காலப் புகழையும் விரிவாக எழுதிவிட்டு, அவர் வகுப்பறையில் என்ன செய்தார் என்பதை இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். இது பெரிய குறை. ஆசிரியரின் வாழ்க்கை என்றால் அதன் நடுப்பகுதி வகுப்பறையாகத்தான் இருக்க முடியும். தேடலையும் அதை நோக்கியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அவர் புறப்பட்ட ஊரை உறுதிசெய்யுங்கள். 1871க்கு முன் ஜெர்மனி என்ற ஒரே நாடு கிடையாது என்பதால், அமெரிக்க ஆவணங்களில் பிரஷ்யா, பாடன், வூர்ட்டம்பெர்க், ஹெஸ்ஸே என்று பல பெயர்கள் காணப்படும். எந்த நாட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே, எந்த ஆவணக்காப்பகத்தை அணுக வேண்டும் என்பது தீர்மானமாகும். புறப்பட்ட ஆண்டும் முக்கியம். ஜெர்மன் நாடுகளில் மக்களாட்சி கோரி எழுந்த 1848-49 புரட்சி தோற்ற பிறகு வெளியேறியவர்களுக்கும், பிழைப்புக்காக வந்தவர்களுக்கும் நோக்கங்கள் வேறு. ஜெர்மன் கல்வியாளர் பிரோபெல் உருவாக்கிய கிண்டர்கார்டன் என்னும் மழலையர் பள்ளிகளை 1851இல் பிரஷ்ய அரசு தடைசெய்து, 1860இல்தான் அத்தடையை நீக்கியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தக் கல்வி முறையில் பயின்ற ஒருவர் அந்த ஆண்டுகளில் நாட்டைவிட்டு வந்திருந்தால், அத்தடைக்கும் அவர் பயணத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

பயணிகள் பட்டியல்களில் ஹாம்பர்க் துறைமுகத்தினுடையவை 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் எஞ்சியுள்ளன. பிரேமன் துறைமுகத்தினுடையவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் பட்டியல்கள் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பொறுத்தவரை, 1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவாயிற்று. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு குடியேறிய ஆண்டையும் கேட்டது. 1890ஆம் ஆண்டுக்குரியவை பெரும்பாலும் இல்லை என்பதால் 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டு இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்களைக் கொண்டுதான் நிரப்ப முடியும். எழுதப்போவது ஆசிரியை ஒருவரைப் பற்றி என்றால் இன்னொரு எச்சரிக்கை: 1922 வரை மணமான பெண்ணின் குடியுரிமை கணவனுடையதைச் சார்ந்தே இருந்ததால், அவர் பெயரில் தனி விண்ணப்பம் கிடைக்காமல் போவது இயல்பு. அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது.

ஆங்கில ஆவணங்களோடு நின்றுவிட்டால் பாதி வாழ்க்கை தவறிப்போகும். ஜெர்மன் சமூகத்தினர் தங்களுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில்தான் இருக்கிறது. பள்ளி தொடங்கும் அறிவிப்பு, கட்டண விவரம், ஆண்டு விழா, ஆசிரியர்மீது பெற்றோர் தொடுத்த குறைகூறல் எல்லாம் அங்கே வரும். கடிதங்களும் தேவாலயப் பதிவேடுகளும் குர்ரெண்ட் என்னும் பழைய கையெழுத்தில் இருக்கும். அதில் 'e' எழுத்து ஏறக்குறைய 'n' போலத் தெரியும். 'u' எழுத்தை அடையாளம் காட்ட அதன் மேல் சிறு வளைகோடு இடுவார்கள். சில வாரப் பயிற்சியில் வாசிக்கப் பழகிவிடலாம். அந்த உழைப்புக்கு ஈடான பலன் நிச்சயம் உண்டு.

இனி வகுப்பறைக்கு வருவோம். பென்சில்வேனியாவில் ஸ்கிப்பாக், சால்ஃபோர்டு என்ற இரு இடங்களில் மாறிமாறிக் கற்பித்த மெனோனைட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஆசிரியர் கிறிஸ்டோபர் டாக், தம் பள்ளி நடைமுறையை 1750இல் எழுதினார். அது அச்சானது 1770இல்தான். புதிதாக வரும் குழந்தையை மற்ற மாணவர்கள் கைகொடுத்து வரவேற்றார்கள் என்றும், குழந்தை எழுத்துகளைக் கற்று முடித்ததும் தந்தை ஒரு பென்னியும் தாய் இரண்டு முட்டையும் தர வேண்டும் என்ற வழக்கம் இருந்தது என்றும், இரு பள்ளிக் குழந்தைகளும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை டாக் தாமே சுமந்துசென்று கொடுத்தார் என்றும் அதிலிருந்து அறிகிறோம். டாக் எந்த ஆண்டில் அமெரிக்கா வந்தார் என்பதைவிட அந்த இரண்டு முட்டைகள் அவரை நமக்கு நெருக்கமாகக் காட்டுகின்றன என்பதே என் கருத்து. நீங்கள் எழுதும் ஆசிரியர் இப்படி ஒரு நூலை விட்டுச் செல்லாமல் இருக்கலாம். அப்போது பள்ளி வாரியத்தின் ஆண்டறிக்கைகள், பாடப்புத்தகப் பட்டியல், மாணவர்களின் குறிப்பேடுகள், அவர்கள் முதுமையில் எழுதிய நினைவுகள் ஆகியவற்றைத் தேடுங்கள்.

'முதல்' என்ற பட்டத்தைக் கண்டால் நின்று யோசியுங்கள். ஹாம்பர்க்கில் பிறந்த மார்கரெத்தே ஷூர்ஸ், விஸ்கான்சின் மாநிலம் வாட்டர்டவுனில் 1856இல் தம் மகளையும் உறவினர் குழந்தைகளையும் சேர்த்து ஜெர்மன் மொழியில் நடத்தியதே அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் பள்ளி நடத்திய கரோலின் லூயிசா ஃபிராங்கன்பர்குக்கே அந்தப் பெருமை உரியது என்பவர்களும் உண்டு. எந்தப் பொருளில் முதல் என்று குறிப்பிட்டு எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. உண்மையில் ஷூர்ஸின் முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது: 1859இல் பாஸ்டனில் அவரைச் சந்தித்த அமெரிக்கக் கல்வியாளர் எலிசபெத் பீபாடி, அடுத்த ஆண்டே ஆங்கில மொழிக் கிண்டர்கார்டனைத் தொடங்கினார்.

குடும்பத்தார் எழுதிய வரலாற்றை நன்றியோடும் எச்சரிக்கையோடும் பயன்படுத்த வேண்டும். ஹார்வர்டில் 1825இல் ஜெர்மன் கற்பிக்கத் தொடங்கிய சார்லஸ் ஃபோலன் 1840இல் லெக்சிங்டன் நீராவிக் கப்பல் தீவிபத்தில் இறந்ததும், அவர் மனைவி எலைசா அவருடைய எழுத்துகளை வாழ்க்கை வரலாற்றோடு ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அடிமைமுறையை எதிர்த்ததால்தான் 1835இல் ஃபோலன் ஹார்வர்டு பதவியை இழந்தார் என்ற கருத்து பரவலாக உள்ளது. இத்தகைய காரணத்தை மனைவியின் சொல்லைக் கொண்டு மட்டும் எழுதாமல், பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஆசிரியர் எந்த மொழியில் கற்பித்தார், அதற்கு அன்றைய சட்டம் இடம் கொடுத்ததா என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். ஒஹாயோ 1839இலேயே ஜெர்மன் வழிக் கல்விக்கு வழிவகுத்தது. விஸ்கான்சினில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கிய 1889ஆம் ஆண்டின் பென்னெட் சட்டம் இரண்டே ஆண்டுகளில் நீக்கப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பின் நெப்ராஸ்காவில் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்பித்ததற்காக ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் ரத்துசெய்தது. இத்தகைய வழக்குகளில் பாடவேளை, பயன்படுத்திய புத்தகம், மாணவரின் வயது வரை நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும் என்பதால், உங்கள் ஆசிரியர் அக்காலத்தவர் என்றால் மாவட்ட நீதிமன்றக் கோப்புகளில் அவர் பெயரை ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரு எழுத்துவடிவங்களிலும் தேடிப் பாருங்கள். கார்ல் என்பவர் அங்கே சார்லஸாகவும் ஷ்மிட் என்பவர் ஸ்மித்தாகவும் பதிவாகியிருக்கலாம்.