மெதுவான இணையத்தில் வீட்டுக் கேமரா: பதிவு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு. அம்மா மட்டும் இருக்கிறார். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். நான்கு கேமரா மாட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. வேறு யாரோ மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பையன் தினம் போன் போட்டுச் சத்தம் போடுறான். போன்ல கேமரா ஆப்பைத் தொறந்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்காம், படமே வரலையாம். எல்லாத்தையும் கழட்டிட்டு வேற கேமரா போட்டுடலாமா?" என்றார்.

கேமராவில் ஒரு பழுதும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து நான்கு கேமராவிலும் சில அளவுகளைக் குறைத்தேன். செலவு எதுவும் இல்லை. அன்று மாலையே மகனுக்குப் படம் வந்தது.

கடலூர், புதுச்சேரி, பண்ருட்டிப் பக்கம் கேமரா மாட்டுவதுதான் என் வேலை. நகரத்துக்குள் ஃபைபர் வந்துவிட்டது. ரெட்டிச்சாவடி, பாகூர்ப் பக்கம் உள்ளே போனால் இன்னும் சிம் போட்ட ரவுட்டரை நம்பித்தான் பல வீடுகள் இருக்கின்றன. இணையம் மெதுவாக இருப்பதால் கேமரா வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எந்த வேலைக்கு இணையம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டால் போதும். பதிவு செய்ய இணையம் தேவையே இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க மட்டும்தான் தேவை. நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் தொடங்குகின்றன.

"எங்க வீட்ல 40 எம்பி ஸ்பீடு"

வேகத்தைக் கேட்டால் எல்லோரும் சொல்வது டவுன்லோடு வேகம். சினிமா பார்க்க, பாட்டு இறக்க அது உதவும். கேமரா செய்வது தலைகீழ் வேலை. வீட்டிலிருந்து படத்தை வெளியே அனுப்புகிறது. அதற்கு வேண்டியது அப்லோடு வேகம். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வரும் பிராட்பேண்டில் அது பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு 1 மெகாபிட்) தாண்டாது. சிம் ரவுட்டரில் காலையில் 5 காட்டும், இரவு எட்டரைக்கு 1 காட்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் ஊரே போனைக் கையில் வைத்திருக்கிறது.

அதனால் காலை பத்து மணிக்கு ஒரு தடவை சோதித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். இரவு எட்டிலிருந்து ஒன்பதுக்குள், போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரவுட்டர் பக்கத்தில் நின்று மூன்று நாள் சோதியுங்கள். வந்ததில் குறைந்த அப்லோடு எதுவோ அதில் பாதியைத்தான் கேமராவுக்கு ஒதுக்கலாம். மீதி வீட்டாரின் வாட்ஸப் அழைப்புக்கு வேண்டும்.

இப்போது கேமராவின் பக்கம் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிய 1080பி கேமரா, எச்.264 என்ற படச் சுருக்க முறையில், நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை கேட்கும். குறைந்தபட்சம் 2 என்றே வையுங்கள். அந்த அம்மா வீட்டில் நான்கு கேமரா, ஆக 8. அப்லோடு கிடைத்ததோ 3. மகன் நான்கையும் ஒரே திரையில் திறந்தால் எப்படி வரும்?

கிளவுடை நம்பி வாங்குவது

கடையில் "மெமரி கார்டே வேணாம் சார், எல்லாம் கிளவுடுல ஏறிடும்" என்பார்கள். அதாவது பதிவு இணையம் வழியாகக் கம்பெனியின் கணினிக்குப் போய்ச் சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. ஒரே கேமராவுக்கு மாதம் 650 ஜிபி. மெதுவான இணைப்பில் இது ஏறவே ஏறாது, டேட்டா வரம்பு உள்ள திட்டத்தில் முதல் வாரமே தீர்ந்துவிடும். தினம் 2 ஜிபி தரும் சிம் ரவுட்டரானால் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. அசைவு தெரியும்போது மட்டும் சிறு துண்டாக ஏற்றும் முறை இதைவிடப் பரவாயில்லை. ஆனால் திருடன் வருகிற அந்த ஒரு நிமிடத்தில் இணையம் படுத்திருந்தால் அந்தத் துண்டும் இருக்காது.

ஆகவே மெமரி கார்டிலோ, வீட்டுக்குள் வைக்கும் டிவிஆர், என்விஆர் என்ற பதிவுப் பெட்டியிலோ பதியட்டும். 128 ஜிபி கார்டில், 1 எம்பிபிஎஸ் அளவில் (குறைக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்), ஏறக்குறைய 11 நாள் பதிவு நிற்கும். அதற்குப் பின் பழையதன் மேல் புதியது ஏறும். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 1 எம்பிபிஎஸ், 1 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் 23 நாள். ஒரு திருட்டையோ, வாசலில் நடந்த தகராறையோ தேடிப் பார்க்க இது தாராளம். இணையம் சரியில்லாத கிராமத்து வீட்டுக்கு வைஃபை கேமராவைவிட வயர் இழுத்த பழைய பாணி டிவிஆர் செட்டைத்தான் நான் இன்றும் முதலில் சொல்வேன். பார்க்கப் பகட்டாக இருக்காது, ஆனால் இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிந்துகொண்டே இருக்கும்.

கார்டு விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் போகும் வழியில் ஒரு வீட்டில் இரண்டு கேமரா மாட்டினேன். போனுக்குப் போடும் சாதாரண கார்டையே போட்டேன். நேரலை அருமையாக வந்தது. பதினோரு மாதம் கழித்து வாசலில் நின்ற பைக் காணாமல் போனது. போலீஸ்காரர் பதிவைக் கேட்டார். ஆப்பில் நேரலை ஓடுகிறது, பதிவுப் பக்கத்தைத் தொட்டால் அன்றைய தேதி காலி, முந்தின தேதியும் காலி. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். பத்தொன்பது நாளுக்கு முன்னால் ஒரு மதியத்தோடு, பதிவு இருப்பதைக் காட்டும் நீலக் கோடு நின்றுபோயிருந்தது. கார்டு செத்துவிட்டது. அமைப்புகள் பக்கத்தின் அடியில் சின்னச் சிவப்பு எழுத்தில் "கார்டு பிழை" என்று இருந்தது. அதை யார் போய்ப் பார்ப்பார்கள்? அந்த வீட்டு ஐயா என்னைத் திட்டவில்லை. "விடுப்பா, உனக்கு என்ன தெரியும்" என்றார். திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதைச் சாதாரண கார்டு தாங்காது. 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்ட கார்டு தனியாக விற்கிறது. விலை கூடத்தான், இருந்தாலும் அதையே வாங்குங்கள். போட்டவுடன் கேமராவின் ஆப்பிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், முந்தின இரவு இரண்டு மணிப் பதிவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். நேரலை வருகிறது என்பதால் பதிவும் ஆகிறது என்று அர்த்தமில்லை. கையெட்டும் உயரத்தில் கேமராவை வைத்தால் திருடன் கேமராவோடு கார்டையும் கொண்டுபோவான். பத்தடிக்கு மேலே மாட்டுங்கள். டிவிஆர் பெட்டியை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், பரணிலோ பூட்டிய அலமாரியிலோ காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

அளவைக் குறைக்கத் தயங்குவது

"இவ்வளவு காசு போட்டு வாங்கிட்டு எதுக்குத் தம்பி கொறைக்கணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: நல்ல கேமரா ஒரே நேரத்தில் இரண்டு படம் தரும். மெயின் ஸ்ட்ரீம் கார்டுக்குப் போவது, தெளிவாகவே இருக்கட்டும். சப் ஸ்ட்ரீம் வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு. குறைக்க வேண்டியது முதலில் இந்த இரண்டாவதை. 640க்கு 360, நொடிக்கு 10 அல்லது 12 ஃபிரேம், பிட்ரேட் (நொடிக்குப் போகும் டேட்டா அளவு) 256 முதல் 384 கேபிபிஎஸ், அதாவது கிலோபிட். போன் திரையில் வாசலில் நிற்பது பால்காரரா கூரியரா என்று தெரிய இது போதும். முகம் தெளிவாகத் தேவைப்பட்டால் கார்டுப் பதிவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆப்பில் எச்டி, எஸ்டி என்று ஒரு பட்டன் இருக்கும். பார்க்கிறவர்கள் அதை எஸ்டியிலேயே வைக்க வேண்டும்.

மெயின் ஸ்ட்ரீமிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 சுருக்க முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், ஏறக்குறைய அதே தெளிவு, பாதி அளவு. 25 ஃபிரேமை 15 ஆக்குங்கள். நடந்துபோகிற ஆளைப் பார்க்க 25 வேண்டியதில்லை. பிட்ரேட்டுக்கு உச்ச வரம்பு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் வரும், அதையும் படம் என்று நினைத்துக் கேமரா அளவைக் கூட்டிக்கொண்டே போகும். பகலில் நன்றாக வருவது இரவில் திணற இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, குடும்பத்தில் யாரும் யோசிக்காதது. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் தனித்தனியாகப் படம் போகிறது. மகன், மகள், மருமகன் மூவரும் ஒரே நேரத்தில் திறந்தால் அப்லோடு மூன்றாகப் பங்கு பிரியும். பொங்கலன்று காலை வாசல் கோலத்தைப் பார்க்க எல்லோரும் திறப்பார்கள், யாருக்கும் வராது. ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு கேமரா. பார்த்து முடித்ததும் ஆப்பை மூடிவிட வேண்டும்.

வைஃபை குறையை இணையத்தின் தலையில் போடுவது

புதுச்சேரியில் பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி இருக்கும். ரவுட்டர் கூடத்தில், கேமரா கொல்லைப்புறத்தில். நடுவில் அப்படி மூன்று சுவர். இந்த வீட்டுக்கு ஃபைபர் இழுத்தாலும் படம் நின்று நின்றுதான் வரும். கேமரா இருக்கும் இடத்தில் ஏணி போட்டு ஏறி, போனில் வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு கோடு என்றால் குறை உள்ளேதான். பெரும்பாலான மலிவான கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் சேரும். ரவுட்டரில் அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். பக்கத்து வீடுகளோடு மோதாமல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைப் பிடியுங்கள். முடிந்தால் கேட்-6 வயர் இழுத்துவிடுங்கள். பிஓஈ கேமராவானால் அந்த ஒரே வயரில் மின்சாரமும் போகும், நூறு மீட்டர் வரை தாங்கும்.

கடலோரத்தில் வயரின் முனையைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் முனையின் உலோகப் பின்களில் பச்சை பூத்துவிடும். இணைப்பை வெளியே தொங்கவிடாமல் மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அறிவிப்பு மழை

தென்னை மட்டை ஆடினால் ஒரு அறிவிப்பு, நாய் போனால் ஒன்று, இரவு விளக்குப் பூச்சி பறந்தால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கேமரா படம் அனுப்புகிறது, இருக்கிற அப்லோடும் அதிலேயே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இரண்டு வாரத்தில் வீட்டார் அறிவிப்பையே அணைத்துவிடுவார்கள், அதுதான் உண்மையான ஆபத்து. ஆள் வந்தால் மட்டும் சொல்லும் வசதியைப் போட்டு, வாசல் கேட்டும் நடைபாதையும் மட்டும் அடங்கும்படி கட்டம் வரையுங்கள். எதிர் வீட்டு ஜன்னலும் வாசலும் படத்தில் விழாதபடி திருப்பி வைப்பதும் நம் பொறுப்புதான்.

மின்சாரமும் கடிகாரமும்

நம் ஊர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல். கேமராவை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு ரவுட்டரை விட்டுவிடுகிறார்கள், அல்லது ரவுட்டருக்குக் கொடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறக்கிறார்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. ரவுட்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

சில கேமராக்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தபின் இணையத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். இணையம் வராவிட்டால் 1970 ஜனவரி 1 என்று பதிந்துகொண்டிருக்கும். திரையின் மூலையில் ஓடும் தேதியை, கரண்ட் வந்ததும் ஒருமுறை பாருங்கள்.

பாஸ்வேர்டும் பதிவும்

மெதுவாக இருக்கிறதே என்று சிலர் வீடியோ பார்த்து ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக வரும் வழி, திறந்துவிடுகிறார்கள். வேகம் அதனால் கூடாது. சிம் ரவுட்டரில் அது பெரும்பாலும் வேலையே செய்யாது, ஏனென்றால் பல வீடுகள் ஒரே பொது இணைய முகவரியை (ஐபி) பகிர்ந்துகொள்கின்றன. வேலை செய்கிற இடத்தில் உங்கள் வாசலை உலகத்துக்கே திறந்து வைத்தது போல. 2016இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். குடும்பத்தாருக்கு ஆப்பின் ஷேர் வசதியில் கொடுங்கள், முதன்மைக் கணக்கு ஒருவரிடமே இருக்கட்டும். என்னைப் போல மாட்ட வருகிறவரின் போனில் உங்கள் கேமரா சேர்ந்திருந்தால், அவர் கிளம்பும் முன் உங்கள் கண்ணெதிரில் நீக்கச் சொல்லுங்கள். நீக்கச் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரக் கூடாது.

ஏதாவது நடந்துவிட்டால், பதிவை வாட்ஸப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், வண்டி எண் அழிந்துபோகும். மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். அதனால் அசல் பத்திரமாக இருக்க வேண்டும். உடனே கேமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றி, புதுக் கார்டு போடுங்கள், இல்லையென்றால் பத்து நாளில் அந்தக் காட்சியின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். கழற்றிய கார்டை ஒரு கவரில் போட்டு, எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி என்று மேலே எழுதி பீரோவில் வையுங்கள்.