ஓய்வு பெறும்போது பணிக்கொடையில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்த மாமா, 2024 மார்ச் கடைசியில் 60 வயதில் ஓய்வு பெற்றார். 28 வருட சர்வீஸ். கடைசிச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஓய்வு பெறும்போது தோட்டம் தந்த பணிக்கொடை 30,000 வெள்ளி (ரிங்கிட்). அதிலிருந்து மட்டும் 3,710 வெள்ளி பிசிபி (முதலாளி சம்பளத்திலேயே பிடித்து வாரியத்துக்குக் கட்டும் வரி) போயிருந்தது. "இனிமே எனக்கு வரியே கிடையாதே, எதுக்குப்பா வரிக் கணக்குப் பாரம் நிரப்பணும்?" என்று கேட்டார்.

வரி இல்லாதவர் பாரம் நிரப்பினால்தான் மாமா, பிடித்த பணம் திரும்பும். வருமான வரி வாரியம் வீடு தேடி வந்து கொடுக்காது.

ஏன் இவ்வளவு பிடித்தார்கள்? பிசிபி கணக்கு மாதச் சம்பளத்தை டிசம்பர் வரைக்கும் நீட்டிப் பார்க்கும். மாமாவின் சம்பளம் 5,000. வருடம் முழுக்க வாங்குவார் என்று 60,000 போட்டு, அதன் தலைமேல் பணிக்கொடையையும் ஏற்றிவிட்டார்கள். உண்மையில் அந்த வருடம் அவர் வாங்கியது மூன்று மாதச் சம்பளம், 15,000. அதில் சொந்தக் கழிவு 9,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 1,650 போக மிச்சம் 4,350. முதல் 5,000 வெள்ளிக்கு வரி பூஜ்யம். ஜூன் வரை வேலை பார்த்திருந்தாலும், வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்குக் கிடைக்கும் 400 வெள்ளி தள்ளுபடியில் வரி காணாமல் போயிருக்கும்.

சரி, பணிக்கொடைக்கு? 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஒரே முதலாளியிடம் விடாமல் 10 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றால் முழுத் தொகைக்கும் வரிவிலக்கு. உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. இதிலெல்லாம் சேராதவர்களுக்குச் சேவை செய்த முழு வருடம் ஒவ்வொன்றுக்கும் 1,000 வெள்ளி விலக்கு. (இபிஎஃப் பணத்துக்கு வரியே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

முதல் வேலை, அடுத்த வருடம் பிப்ரவரிக்குள் தோட்ட ஆபீஸ் தரவேண்டிய இஏ பாரத்தை (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் தாள்) கேட்டு வாங்குவது. வாங்கியதும் பணிக்கொடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாமாவுக்கு அதை வரிக்குரிய வருமானத்தோடு சேர்த்துவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லுங்கள். அதோடு, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, வயது மூன்றும் போட்டு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேள்வி வந்தால் இந்த ஒரு தாள்தான் காப்பாற்றும். நாங்கள் இதற்காக மூன்று தடவை ஆபீஸுக்கு அலைந்தோம். புதுக் கிராணிக்குப் பணிக்கொடை விலக்கு என்றால் என்னவென்றே தெரியவில்லை.

அப்புறம் வாரியத்தின் மைடெக்ஸ் இணையத்தளம். ஐசி நம்பர், பாஸ்வர்டு போட்டு நுழையலாம். முதல் தடவை என்றால் வாரியத்திடம் பின் எண் வாங்கவேண்டும். இ-ஃபைலிங்கில் இ-பிஇ பாரத்தை (சம்பளக்காரர்களுக்கான வரிக் கணக்குப் பாரம்) திறந்து, பணம் வாங்கிய வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். வங்கிக் கணக்கு எண் உங்கள் பெயரில் உள்ளதாக இருக்கட்டும். மகன் கணக்கைப் போட்டால் பணம் வந்து சேராது.

வேலை வருமானம் என்ற இடத்தில் 15,000 மட்டும். பணிக்கொடை இதில் வராது. ஆனால் பிசிபி கட்டத்தில் முழுத் தொகையையும் போடவேண்டும்: சம்பளத்தில் பிடித்த 330, பணிக்கொடையில் பிடித்த 3,710, மொத்தம் 4,040. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வருமானத்தில் பணிக்கொடையை விட்ட கையோடு அதன் பிசிபியையும் விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அதிகம் கட்டிய வரி 4,040 என்று வந்தால் கணக்கு சரி. கையொப்பமிட்டு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். தாள்களை 7 வருடம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.

பிஇ பாரத்துக்குக் கெடு ஏப்ரல் 30. இ-ஃபைலிங்குக்கு மே 15 வரை அவகாசம் தருவது வழக்கம். இ-ஃபைலிங்கில் அனுப்பினால் 30 வேலை நாளில் பணத்தைத் திருப்புவதாக வாரியம் சொல்கிறது. இடையில் "உங்கள் வரிப்பணம் தயார், இந்த லிங்கைத் தட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் தட்டாதீர்கள். மாமாவுக்கு இரண்டு வந்தது.

ஏற்கெனவே பணிக்கொடையையும் வருமானமாகக் காட்டி அனுப்பிவிட்டவர்கள் 5 வருடத்துக்குள் தவறைத் திருத்தக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். இஏ பாரத்தையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாரியத்தின் ஈப்போ கிளைக்குப் போங்கள். காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள்.