பக்கத்து பெட்காரரின் டயட் சார்ட் உங்களுக்கு ஆகாது: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமை நாலு பேர் முன்னால் வைப்போம். நாலு பேருக்கும் எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் நாலும் நாலு வகை (எது என்ன என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்).

இரைப்பையைச் சுற்றி பேண்ட் என்கிற வளையம் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. ஐஸ்கிரீம் உருகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இன்னொரு கிண்ணம் கொடுத்தாலும் உள்ளே போகும். பைபாஸ் செய்தவருக்குக் கடைசி ஸ்பூன் இறங்கிய கால் மணி நேரத்தில் முகம் வெளிறலாம், நெஞ்சு படபடக்கலாம், வேர்த்துக் கொட்டலாம். எங்கேயாவது போய்ப் படுத்தால் போதும் என்று இருக்கும். ஸ்லீவ் செய்தவருக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும், சிலருக்கு லேசாகப் படபடக்கும். டியோடினல் ஸ்விட்ச் செய்தவருக்கோ, அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் கடும் நாற்றத்தோடு வெளியேறிவிடும். சர்க்கரை மட்டும் முழுசாகச் சேரும்.

“ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?” என்று இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் நாலு பதில் கிடைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கும் சாப்பாட்டுத் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன: அடுத்தவர் வயிற்றுக்குச் சரியான பதிலை நம் வயிற்றுக்கு எடுத்துக்கொள்வதில்.

தனக்கு என்ன ஆபரேஷன் என்று தெரியாமலே இருப்பது

சிரிக்க வேண்டாம், இது ரொம்பச் சாதாரணம். “எடை குறைய லேப்ராஸ்கோப்பியில் பண்ணினாங்க” என்பதோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. வெளியில் எல்லோருக்கும் அதே நாலைந்து சின்னத் தழும்புகள்தான்; உள்ளே நடந்தது வேறு வேறு.

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு ஒடுங்கிய குழாய். குடலில் கை வைப்பதில்லை. இரைப்பையின் முடிவில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும் வால்வும் அப்படியே இருக்கும்.

பைபாஸில் இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு இணைப்பார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினமும் உள்ளேதான் இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. வால்வும் அந்த ஒதுக்கப்பட்ட பாதையில்தான் இருக்கிறது. இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் இடமும் அதே டியோடினம்தான்.

மினி பைபாஸில் பை நீளம், இணைப்பு ஒன்றே ஒன்று. பெயரில் இருக்கும் ‘மினி’யைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் 150 முதல் 200 செ.மீ. வரை குடலைத் தாண்டி இணைக்கிறார்கள். சத்து இழப்பு வழக்கமான பைபாஸைவிட அதிகமாகவே இருக்கலாம். பேண்டில் வெட்டுவது எதுவும் கிடையாது. இரைப்பையின் மேல்பகுதியில் சிலிக்கான் வளையம் ஒன்றைப் பூட்டி, தோலுக்கடியில் உள்ள போர்ட் (ஊசி குத்தும் சின்ன வாய்) வழியாக உப்புநீரை ஏற்றி இறுக்குவார்கள்.

டியோடினல் ஸ்விட்ச்தான் இருப்பதில் பெரியது. முதலில் ஸ்லீவ், அதற்கு மேல் குடலின் பெரும்பகுதியைத் தாண்டும் பைபாஸ். உணவும் செரிமானச் சாறுகளும் சந்திப்பது சிறுகுடலின் கடைசி ஒரு மீட்டரில், ஏறக்குறைய. இன்றைக்குத் தனி ஆபரேஷனாகச் செய்யப்படும் ஸ்லீவ், இந்த டியோடினல் ஸ்விட்சின் முதல் பாதியாகத்தான் ஆரம்பித்தது. ஒரே தடவையில் முழுசையும் தாங்க மாட்டார் என்று தோன்றிய நோயாளிகளுக்கு ஸ்லீவை மட்டும் செய்து நிறுத்தினார்கள். பலருக்கு அதிலேயே எடை இறங்கியது. ஸ்லீவ் தனி ஆபரேஷனாகிவிட்டது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஸ்லீவ் செய்துவிட்டுச் சில வருஷம் கழித்து இரண்டாம் கட்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேண்டை எடுத்துவிட்டு பைபாஸுக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷன் மாறிய அன்றே பழைய சார்ட் செல்லாக்காசு. ஆனால் சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பது அந்தப் பழைய சார்ட்தான்.

‘படபடப்பு வரலையே’ என்று தைரியமாகிவிடுவது

பைபாஸ் செய்தவருக்கு வந்த அந்தப் படபடப்புக்கு டம்பிங் என்று பெயர். வாசலில் வால்வு இல்லாததால் சர்க்கரை மொத்தமாகக் குடலில் கொட்டுகிறது. குடல் அதை நீர்க்கச் செய்ய ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. இது சாப்பிட்ட அரை மணிக்குள் வருவது. இன்னொன்று ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை வேகமாக ஏறியதைப் பார்த்து உடம்பு இன்சுலினை அள்ளி விடும். அப்புறம் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், பசிக்கும், தலை சுற்றும். அந்த நேரத்தில் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்வது சரிதான். அதோடு நிறுத்தி, பின்னாலேயே புரதம் உள்ள எதையாவது சாப்பிடாவிட்டால் ஏறுவதும் இறங்குவதுமாக நாள் முழுக்க ஓடும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

இனிப்பைத் தொட்டால் உடம்பே அடிக்கும் என்பதால் பைபாஸ்காரர்கள் பலர் தானாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். (எல்லோருக்கும் டம்பிங் வரும் என்றும் இல்லை.) மற்றவர்களுக்கு அந்தக் காவல்காரர் கிடையாது. பேண்டும் ஸ்லீவும் கெட்டியான உணவின் அளவைத்தான் கட்டுப்படுத்தும். மில்க்‌ஷேக், ஜூஸ், சாக்லேட், ஐஸ்கிரீம் எதையும் அவை தடுக்காது. இனிப்பு விஷயத்தில் பைபாஸ்காரரைவிட அதிகக் கட்டுப்பாடு தேவைப்படுவது இவர்களுக்குத்தான் என்பது என் எண்ணம்.

பேண்டில் இதற்கு ஒரு துணைத் தவறும் உண்டு. மெத்தென்ற ரொட்டி, காய்ந்த கோழிக்கறி, நார் அதிகமுள்ள இறைச்சி எல்லாம் வளையத்தில் சிக்கும். இரண்டு முறை சிக்கிக் கஷ்டப்பட்டவர், சிக்காத உணவாகத் தேட ஆரம்பிப்பார். சிக்காமல் இறங்குவது எது? குழைவானதும் இனிப்பானதும். வளையம் இறுக இறுக எடை ஏறும் விநோதம் இப்படித்தான் நடக்கிறது. அடிக்கடி சிக்கினால் மெனுவை மாற்றிக்கொண்டே போகாமல், வளையத்தைத் தளர்த்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை இறுக்கிய பின்னும் ஓரிரு நாள் திரவ உணவு, பிறகு மென்மையான உணவு என்பதும் பேண்டுக்கு மட்டுமே உள்ள விதி. ஸ்லீவ் செய்த நண்பருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

குறைவாகச் சாப்பிடுவதே வெற்றி என்று நினைப்பது

ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. 60 கிராமுக்குப் பத்து முட்டை ஆகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் தட்டில் புரதத்தை முதலில் முடி என்கிறார்கள், அதனால்தான் ஆரம்ப மாதங்களில் புரோட்டீன் பவுடர்.

டியோடினல் ஸ்விட்ச் செய்தவருக்கு இந்த இலக்கு போதாது. சாப்பிடும் புரதத்திலேயே ஒரு பகுதி சேராமல் போய்விடுவதால் 90 கிராமுக்குக் குறையாமல், சிலருக்கு 120 கிராம் வரைகூடச் சொல்வார்கள். இவர் ஸ்லீவ்காரரைப் பார்த்து 60 கிராமில் திருப்திப்பட்டால் தராசு முள் இறங்கும், சந்தோஷமாக இருக்கும். சில மாதங்களில் கால் வீங்கும், மாடி ஏற முடியாது, தசை கரையும். கொழுப்பில் வறுத்த உணவை ‘எப்படியும் சேராது’ என்று வெளுத்துக்கட்டுவது இதன் மறுபக்கம். சேராத கொழுப்பு சும்மா போகாது. கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

மாத்திரை டப்பாவைப் பங்கு போடுவது

அக்காவுக்கு பைபாஸ், தங்கைக்கு ஸ்லீவ் என்று வைத்துக்கொள்வோம். தங்கை சொல்கிறாள்: “உனக்குக் குடலையே மாத்தி வச்சிருக்காங்கக்கா, நீ மாத்திரை போட்டாகணும். எனக்கு ஸ்லீவ்தானே? எனக்கெதுக்கு?”

பாதி நியாயமான பேச்சு. ஆனால் ஸ்லீவில் வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில்தான் அமிலத்தையும், பி12 சேர்வதற்குத் தேவையான ஒரு புரதத்தையும் சுரக்கும் செல்களில் பெரும்பாலானவை இருந்தன. அவை குறைந்தால் பி12 குறையும், இரும்பும் குறையும். உடம்பில் பி12 இருப்பு வருஷக்கணக்கில் தாங்குவதால் முதல் வருஷ ரத்தப் பரிசோதனை அழகாகவே வரும். தங்கை மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். கை கால் மரத்துப்போவது அதற்கப்புறம் வரும் கதை.

அக்காவின் தவறு வேறு. வீட்டில் கிடந்த கால்சியம் மாத்திரையையே தொடர்வது. சாதாரணமாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். பைபாஸ் பையில் அமிலம் மிகக் குறைவு. அதனால் கால்சியம் சிட்ரேட்டைத்தான் எழுதுவார்கள். ஸ்லீவ், பைபாஸ், பேண்டுக்கு நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி., டியோடினல் ஸ்விட்சுக்கு 1800 முதல் 2400 மி.கி. என்பது வழக்கமான அளவு. மொத்தத்தையும் ஒரே வாயில் விழுங்கினால் பயனில்லை; ஒரு வேளைக்கு 500, 600 மி.கி.க்கு மேல் உடம்பு எடுக்காது. இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் சண்டை போடும். நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

டியோடினல் ஸ்விட்ச்காரருக்கு ஏ, டி, இ, கே நாலும் கூடுதல் அளவில், நீரில் கலக்கும் வடிவத்தில் தேவைப்படும். அந்தி நேரத்தில் வண்டி ஓட்டும்போது கண் மங்கினால் கண்ணாடிக் கடைக்கு முன்னால் வைட்டமின் ஏ பரிசோதனைக்குப் போங்கள். ஜெல்லி மிட்டாய் போன்ற மல்டிவைட்டமின்களை நம்பியிருப்பவர்கள் லேபிளைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பலவற்றில் இரும்பே இருக்காது.

வலி மாத்திரை சாப்பாடு இல்லைதான், ஆனாலும் வாய் வழியாகத்தானே போகிறது. பைபாஸ், மினி பைபாஸ் செய்தவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைத் தவிர்க்க வேண்டும். இணைப்பு இடத்தில் புண் வரும். புகையும் அதே புண்ணுக்கு வழி. மது பைபாஸிலும் ஸ்லீவிலும் மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், பழைய கணக்கு உதவாது.

எல்லா வகைக்கும் பொதுவானவையும் உண்டு: மெதுவாக மெல்வது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிப்பது, நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் பார்ப்பது, சோடாவை ஒதுக்குவது. திரவம், கூழ், மென்மையானது, கெட்டியானது என்ற வரிசையும் பொதுவானதே. எந்த வாரம் எது என்பதை மட்டும் உங்கள் மருத்துவக் குழு சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். ‘அவர் மூணாவது வாரமே ரொட்டி சாப்பிட்டார்’ என்பதை நம்பித் தையல் ஆறும் முன் அவசரப்பட வேண்டாம்.

வாந்தி சகஜம் என்று பொறுத்துக்கொள்வது

இது எந்த வகையிலும் மன்னிக்கப்படாத தவறு. வேகமாகச் சாப்பிட்டதால் ஒரு முறை வருவது வேறு. நாள்தோறும் வாந்தி, எதுவும் தங்கவில்லை என்றால், பேண்டில் வளையம் நழுவியிருக்கலாம், பைபாஸில் இணைப்பு சுருங்கியிருக்கலாம், ஸ்லீவில் குழாய் மடங்கியிருக்கலாம். காரணம் எதுவானாலும், பின்னால் தயமின் என்கிற வைட்டமின் பி1 தீர்ந்துகொண்டிருக்கும். பி12 போல இது வருஷக்கணக்கில் தாங்காது. இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு தங்கிவிடும்.

இப்படி ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், ‘நீர் வற்றியிருக்கிறது’ என்று முதலில் கை போவது குளுகோஸ் பாட்டிலுக்குத்தான். தயமின் இல்லாத உடம்பில் குளுகோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் அது செலவழித்துவிடும். அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்கள் ஆபரேஷன் தெரியாது, உங்களால் அப்போது சொல்லவும் முடியாமல் போகலாம். அதனால் பர்ஸில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆபரேஷனின் முழுப் பெயர், செய்த தேதி, எவ்வளவு குடல் தாண்டப்பட்டது, சர்ஜனின் எண். கடைசி வரியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில்: ‘குளுகோஸுக்கு முன் தயமின் கொடுக்கவும்.’