மறுநாளே நமத்துப்போன கார்த்திகைப் பொரி உருண்டை

உருட்டும்போது உருண்டை கல் மாதிரி நின்றது. மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால் நமத்துப்போய், கடித்தால் பல்லில் ஒட்டியது. கார்த்திகை மழை வேறு விட்டபாடில்லை.

பாகுப் பதம்தான் சரியில்லை என்றார்கள். தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரும்வரை காய்ச்சினேன். அதே கதை. வெல்லத்தை மாற்றினேன், பாகைக் கூட்டினேன். இனிப்புதான் ஏறியது.

பதம் பார்க்க உருட்டிய பாகு மணி ஒன்றைத் தனியாகச் சின்ன டப்பாவில் மூடி வைத்திருந்தேன். மறுநாளும் அது மொறுமொறுவென்று உடைந்தது. அப்படியென்றால் பாகில் குறையில்லை, ஈரம் பொரியில் இருக்கிறது! கடையில் வாங்கிய பொரி கைக்குக் காய்ந்த மாதிரிதான் தெரியும். இந்த ஈரக்காற்றில் பிரித்து வைத்தால் சத்தமில்லாமல் ஈரம் இழுத்துவிடும்.

அப்புறம் 5 கப் பொரியை அடிகனமான வாணலியில் சிறுதீயில், விரலால் நசுக்கினால் தூளாகும்வரை வறுத்தேன். தேங்காய்ப் பல்லையும் நெய்யில் சிவக்க வறுத்தேன், அதிலும் ஈரம் உண்டு. 1 கப் வெல்லப் பாகில் சுக்கும் ஏலக்காயும் போட்டு, பொரி சூடாக இருக்கும்போதே ஊற்றிக் கிளறினேன். பொரி சூடாக இருந்தால் பாகு சட்டென்று இறுகாது, நிதானமாக உருட்டலாம். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டால் போதும்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். இந்த முறை உருண்டை ஒரு வாரம் ஆகியும் மொறுமொறுப்பு குறையவில்லை. அப்பாடா!