போரிக் அமிலம்: அள்ளிக் கொட்டாதீர்கள், சிட்டிகை போதும்

கேரம் போர்டில் காய் வழுக்கி ஓடுவதற்காகத் தூவுகிறோமே வெள்ளைப் பொடி, அது பெரும்பாலும் போரிக் அமிலம்தான். அதே பொடி கரப்பானைக் கொல்கிறது, மரத்தைக் கரையானிடமிருந்து காக்கிறது, கண்ணாடித் தொழிற்சாலைக்கும் அணுமின் நிலையத்துக்கும் போகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு அளவுக்கு மேல் போடுவது. நானும் முதல் தடவை அப்படித்தான் சுவரோரம் கோலம் போட்ட மாதிரி கொட்டி வைத்தேன், கரப்பான்கள் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போயின. அளவைப் புரிந்துகொண்ட பிறகுதான் பலன் கிடைத்தது, அதனால் இந்தப் பதிவு முழுக்க அளவைப் பற்றியே இருக்கும்.

முதலில், கையில் இருப்பது எது?

போரிக் அமிலமும் வெண்காரமும் (போராக்ஸ்) ஒன்றல்ல. இரண்டிலும் போரான் என்ற தனிமம் இருக்கிறது, இரண்டும் வெள்ளைப் பொடி, ஆனால் வெண்காரம் காரத்தன்மை உள்ள உப்பு, போரிக் அமிலம் மிக வலுக்குறைந்த அமிலம். 1702இல் வில்ஹெல்ம் ஹோம்பெர்க் என்ற வேதியியலாளர் வெண்காரத்தோடு அமிலத்தைச் சேர்த்துத்தான் இதைப் பிரித்தெடுத்தார்.

லேபிள் கிழிந்துபோன பொட்டலம் என்றால் ஒரு சோதனை செய்யலாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர விடுங்கள். பொடியில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து அந்தத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே செம்பழுப்பாக மாறினால் அது காரம், வெண்காரமாக இருக்கலாம். மஞ்சளாகவே நின்றால் வெண்காரம் அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், காய்ந்த பிறகு பார்த்தால் குழப்பிவிடும், ஏனென்றால் போரான் மஞ்சளின் நிறப்பொருளோடு சேர்ந்து தானே சிவப்பு கொடுக்கக்கூடியது. இது எது அல்ல என்பதை மட்டும்தான் சொல்லும், எது என்று உறுதி செய்யாது. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தப் பொட்டலத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

எறும்புக்கு இரை தயாரிக்கும் முறை

இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன், ஏனென்றால் அளவு ஏன் முக்கியம் என்பது இங்கே கண்ணெதிரே தெரியும்.

200 மில்லி வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி, போட்டுக் கரையுங்கள். அப்புறம் 2 கிராம் போரிக் அமிலம் சேருங்கள், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி சுமாராக அவ்வளவு வரும், சின்ன எடைக்கருவி இருந்தால் இன்னும் நல்லது. தெளிவாகக் கரையும்வரை கலக்குங்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு சதவீதக் கரைசல். பஞ்சை அதில் நனைத்து, மூடியில் சிறு துளைகள் போட்ட டப்பாவுக்குள் வைத்து, எறும்பு வரிசை போகும் வழியில் வையுங்கள்.

அவ்வளவுதான், இனி கை வைக்காதீர்கள். முதல் நாள் கூட்டம் கூட்டமாக வரும், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் வேண்டும். வெளியே வரும் எறும்புகள் குடித்துவிட்டு உயிரோடு புற்றுக்குத் திரும்பி, உள்ளே இருக்கும் ராணிக்கும் புழுக்களுக்கும் ஊட்ட வேண்டும். பொடியை அதிகமாகப் போட்டால் குடித்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்கு எதுவும் போய்ச் சேராது. டப்பாவைச் சுற்றிச் செத்த எறும்புகள் கிடந்தால் வேலை நடக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், கரைசல் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம், இன்னொரு மடங்கு சர்க்கரைத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை புதிய பஞ்சு மாற்றுங்கள். முழுப் புற்றும் அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். இனிப்பைத் தேடாமல் எண்ணெய்ப் பசையைத் தேடும் எறும்பு வகைகளும் உண்டு, அவை இந்தத் தண்ணீரைத் திரும்பியே பார்க்காது.

கரப்பானுக்குத் தூவுவது எப்படி

இங்கே தண்ணீர் கூடாது, காய்ந்த பொடிதான். மூக்கு போன்ற முனையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பிக் குலுக்குங்கள், உள்ளே தூசி கிளம்பும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, புட்டியை லேசாக அமுக்கி, அந்தத் தூசியை மட்டும் இடுக்குகளில் ஊத வேண்டும்: குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. தூவிய இடம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் அதுதான் சரியான அளவு. சமைக்கும் மேடையிலும் பாத்திரம் வைக்கும் தட்டிலும் தூவவே கூடாது.

பொடிமேல் நடக்கும் கரப்பானின் காலிலும் உணர்கொம்பிலும் அது ஒட்டிக்கொள்ளும். கரப்பான் தன் உடம்பை வாயால் சுத்தம் செய்யும் பழக்கம் உள்ளது, அப்படிச் செய்யும்போது விழுங்கிவிடும். வயிற்றில் போய் வேலை செய்யும் நஞ்சு என்பதால் உடனே சாகாது, சில நாள் ஆகும். பொடி ஈரமானால் பலன் போய்விடும், காய்ந்தே இருந்தால் மாதக் கணக்கில் நிற்கும். அதே இடத்தில் பூச்சி ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அந்த வாடைக்குக் கரப்பான்கள் வேறு பக்கம் ஓடிவிடும், பொடிமேல் நடக்க ஆளிருக்காது.

மரத்துக்கும் செடிக்கும்

பெயின்ட் அடிக்காத, காய்ந்த மரமாக இருந்தால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 40 கிராம் கரைத்து, தூரிகையால் இரண்டு தடவை பூசலாம். அதற்கு மேல் போட்டாலும் தண்ணீர் ஆறும்போது படிகமாக அடியில் தங்கிவிடும், அறை வெப்பத்தில் 100 மில்லியில் சுமார் 5 கிராம்தான் கரையும். மரத்தைத் துளைக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் இது நல்ல தடுப்பு. மழை படும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் உள்ளே இருக்கும் மரத்துக்கு மட்டும்.

செடிக்குப் போரான் நுண்சத்து, இந்த அமிலத்தில் அது சுமார் 17 சதவீதம். குறைந்தால் குருத்து கருகும், கூடினால் இலை ஓரம் காயும். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. மண் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மட்டும், லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் இலைமேல் தெளியுங்கள். உரம்தானே என்று கூடுதலாகப் போட்டால் மண்ணிலிருந்து எடுப்பது சுலபமல்ல.

தொழிற்சாலைகளில்

மிக அதிகமாகப் போவது கண்ணாடிக்குத்தான். சூடான அடுப்பிலிருந்து எடுத்தாலும் எளிதில் விரிசல் விடாத ஆய்வகக் கண்ணாடியில் 12, 13 சதவீதம் போரான் ஆக்சைடு இருக்கும், கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) செய்யவும் அது தேவை. நிக்கல் முலாம் பூசும் தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 45 கிராம்வரை போடுவார்கள், கரைசலின் அமிலத்தன்மை தடுமாறாமல் அது பிடித்து வைக்கும். நகை செய்பவர்கள் ஆல்கஹாலில் கலந்து நகையை முக்கி, தீ வைப்பார்கள். அழகான பச்சைச் சுடர் எரிந்து அடங்கியதும் நகைமேல் மெல்லிய பூச்சு நிற்கும், பற்றுவைக்கும்போது உலோகம் கறுக்காது. வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அணு உலைதான். இயற்கைப் போரானில் சுமார் 20 சதவீதம் போரான்-10 என்ற வகை, அது அணுப் பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்குவதில் கெட்டிக்காரன். அழுத்த நீர் உலைகளில் குளிர்விக்கும் நீரிலேயே போரிக் அமிலத்தைக் கரைத்து வைக்கிறார்கள். புது எரிபொருள் போட்டதும் பத்து லட்சத்தில் ஆயிரத்துச் சொச்சம் பங்கு போரான் இருக்கும், எரிபொருள் தீரத் தீர அதையும் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடுவார்கள். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது கடல்நீரோடு போரிக் அமிலத்தையும் உலைக்குள் செலுத்தினார்கள்.

இதை மட்டும் தவறவிடாதீர்கள்

இது இயற்கையில் கிடைப்பது, அதனால் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரியவர்களுக்கு 15 முதல் 20 கிராமும், கைக்குழந்தைக்கு 2 முதல் 3 கிராமும் உயிரைப் பறிக்கலாம் என்று நச்சியலில் குறிப்பிடுவார்கள். ஒரு காலத்தில் குழந்தையின் அரையில் தடவும் பொடியில்கூடப் போட்டார்கள். நல்ல தோல் வழியே அது அவ்வளவாக உள்ளே போகாது, ஆனால் புண்ணான தோல் உறிஞ்சிவிடும், அப்படிக் குழந்தைகள் இறந்தும் போயிருக்கிறார்கள். கருவுறுதலையும் கருவையும் பாதிக்கக்கூடியது என்பதால் 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

கண் கழுவும் மருந்தில் இருக்கிறதே, நானே கலந்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது. அது அளவும் கிருமி நீக்கமும் சரிபார்த்துத் தயாரிப்பது, சமையலறைக் கரண்டியால் வராது.

அளந்த கரண்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். எறும்பு டப்பா குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், இனிப்பு வாசனை அவற்றையும் இழுக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மீதிப் பொடியைச் சர்க்கரை, உப்பு, மாவு வைக்கும் டப்பா எதிலும் கொட்டி வைக்காதீர்கள், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்கிய உறையிலேயே வைத்து, பெரிய எழுத்தில் பெயரையும் 'விஷம்' என்றும் எழுதி, மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள்.